எண்ணெய்க்கு ஈடாகப் போகும் கொழுந்து: எரிபொருள் ஆயுதம் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் வாசிகசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். பாடம் பொருளியல். பெற்றோல் விலை கூடின நாளில் மட்டும் பாடப் புத்தகத்தைத் திறக்க விடமாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாமார், அப்பாமார், ஆட்டோ ஓட்டும் தம்பிமார் எல்லோரும் வாசலில் நின்று கேட்பார்கள். "சேர், பெரிய நாடுகள் சண்டை போட்டால் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய்க்கு ஏன் விலை கூடுது?" திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வகுப்பில் நேரம் போதாமல் பாதியில் விட்ட விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.

எரிபொருளை ஏன் ஆயுதம் என்கிறார்கள்? விற்காவிட்டால் விற்கிறவனுக்கும் நட்டம்தானே?

நட்டம்தான். ஆனால் விற்கிறவன் நாலு மாதம் பொறுத்திருப்பான். வாங்குகிறவனுக்கு நாளைக் காலையில் பஸ் ஓட வேண்டும், ஆஸ்பத்திரியில் விளக்கு எரிய வேண்டும். அந்த நாலு மாதத்துக்கும் நாளைக் காலைக்கும் இடையில் உள்ள தூரம்தான் ஆயுதம்.

அதை வீசுகிற விதங்கள் பல. "உனக்கு விற்க மாட்டேன்" என்பது ஒன்று. 2009 ஜனவரியில், நடுக் குளிர்காலத்தில், உக்ரைன் வழியாகப் போகும் எரிவாயுவை ரஷ்யா கிட்டத்தட்ட இரண்டு வாரம் நிறுத்தியது. உக்ரைனோடு பிணக்கு, ஆனால் பல்கேரியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் வீடுகள் குளிர்ந்து போயின. "உன்னிடம் யாரையும் வாங்க விட மாட்டேன்" என்பது இன்னொன்று. 1951இல் ஈரான் பிரதமர் மொசாதெக் பிரித்தானியக் கம்பனியின் எண்ணெய் வயல்களை நாட்டுடைமையாக்கினார். பிரித்தானியா உலகம் முழுவதும் ஈரானிய எண்ணெய்க்குத் தடை போட்டது. வருமானம் வற்றியது, 1953 ஆகஸ்ட்டில் அமெரிக்க, பிரித்தானிய உளவுத் துறைகளின் கையோடு அவர் ஆட்சி கவிழ்ந்தது. அப்புறம் நம் காலத்து வழி ஒன்று இருக்கிறது: எண்ணெய் விற்கலாம், வாங்கலாம், ஆனால் பணம் கட்டுகிற வங்கி வழியை அடைத்துவிடுவது. சத்தமே வராது. எங்கள் மலையைத் தொட்டது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழிதான் என்பது என் எண்ணம். கீழே ஈரான் பற்றிய பதிலில் அதை விவரமாகச் சொல்கிறேன்.

சில நேரம் இந்த ஆயுதம் உண்மையான குண்டில் போய் முடியும். 1941 நடுப்பகுதியில் அமெரிக்கா ஜப்பானுக்கு எண்ணெய் போவதை நிறுத்தியது. ஜப்பான் தன் எண்ணெயில் பெரும்பங்கை அமெரிக்காவிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. அதே டிசம்பரில் பேர்ள் துறைமுகத் தாக்குதல், பிறகு எண்ணெய் வயல்களைத் தேடி இந்தோனேசியத் தீவுகளுக்குப் படை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் மேலே வந்தன. திருகோணமலையில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று அந்தத் தாக்குதலில் அழிந்தது.

சரி சேர், இதுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

இலங்கையில் எண்ணெய் எடுப்பதில்லை. பெற்றோல், டீசல், நிலக்கரி, கேஸ் எல்லாம் கப்பலில் வருகிறது, டொலரில் வாங்குகிறோம். அந்த டொலரை நாட்டுக்குக் கொண்டுவருகிறவர்களில் நீங்களும் இருக்கிறீர்கள். கொழுந்து பறிக்கிற உங்கள் அம்மா, ஆடைத் தொழிற்சாலைக்குப் போன அக்கா, வளைகுடாவில் வீட்டு வேலை செய்கிற சித்தி. எண்ணெய் விலை ஏறினால் அதே அளவு எண்ணெய்க்கு அதிகக் கொழுந்து போக வேண்டும்.

தேயிலைக்கும் எரிபொருள் வேண்டும், அதையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களில் ஒருநாள் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் உறவுக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனேன். மேல் மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகள் நீளமாக இருக்கும், அடியிலிருந்து மின்விசிறி காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு விசிறிகள் நின்றுபோயிருந்தன. ஜெனரேட்டருக்கு டீசல் அளந்து வைத்திருந்தார்கள், உருட்டும் இயந்திரத்துக்குத்தான் அது என்றார்கள். அவர் என் கையைப் பிடித்துத் தொட்டிக்குள் வைத்தார். இலைக்குள்ளே சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. வாட வேண்டிய இலை வேகத் தொடங்கியிருந்தது, ஓரம் சிவந்து புளித்த வாசனை வந்தது. "இன்னும் இரண்டு மணித்தியாலம் இப்படியே கிடந்தால் இதை ஒன்றும் செய்ய முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு இலையைக் கையால் புரட்டத் தொடங்கினார். காலையில் அட்டைக் கடியில் நின்று பறித்த இலை அது.

இலங்கை மேல் நேராக இந்த ஆயுதத்தை யாராவது வீசியிருக்கிறார்களா?

வீசியிருக்கிறார்கள். நம் பாடப் புத்தகங்களில் இரண்டு வரியில் கடந்து போகிற இந்தக் கதையை ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்திருக்க வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் இலங்கையின் எண்ணெய் வியாபாரம் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்ற மூன்று மேற்கத்தியக் கம்பனிகளின் கையில் இருந்தது. விலையை அவர்கள்தான் வைத்தார்கள். சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் 1961இல் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. அமைச்சர் டி.பி. இலங்கரத்ன முன்னின்று செய்தார். கூட்டுத்தாபனம் சோவியத் ஒன்றியத்திடம் குறைந்த விலைக்கு எண்ணெய் வாங்கியது. அடுத்த வருடம் கம்பனிகளின் எரிபொருள் நிலையங்களில் ஒரு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இழப்பீட்டுத் தொகையில் பேச்சு இழுபட்டது.

அந்த நேரம் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேற்றியிருந்தது. அமெரிக்கக் கம்பனியின் சொத்தை எடுத்துவிட்டு உரிய இழப்பீடு தராத நாட்டுக்கு உதவி இல்லை. கொண்டுவந்த செனட்டரின் பெயரால் ஹிக்கன்லூப்பர் திருத்தம் என்பார்கள். உலகத்திலேயே முதன்முதலாக அதை யார் மேல் பிரயோகித்தார்கள் தெரியுமா? நம் மேல்தான். 1963 பெப்ரவரியில் இலங்கைக்கான அமெரிக்க உதவி நின்றது. 1965இல் ஆட்சி மாறி, டட்லி சேனாநாயக்க அரசாங்கம் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் அது திரும்ப வந்தது.

மொசாதெக்கின் கதையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஆட்சியே கவிழ்ந்தது, இங்கே உதவி நின்றது. காரணம் ஒன்றுதான்: எண்ணெய்க்கு விலை வைக்கிற உரிமையை பலம் குறைந்த ஒரு நாடு கேட்டது. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டுத்தாபனம் அழியவில்லை. அழுத்தத்தைத் தாங்கி நின்று, 1969இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. பனிப்போர் நடுவிலும் மாஸ்கோவிடம் வாங்கி, வாஷிங்டனோடு பேசித் தீர்க்க இடம் இருந்தது.

அம்மாச்சி சொல்கிற "பஞ்ச காலம்" எண்ணெயால் வந்ததா?

எண்ணெயால் மட்டும் வந்தது என்றால் பொய். எண்ணெய் இல்லாமல் வந்தது என்றாலும் பொய்.

1973 ஒக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போரிட்டன. இஸ்ரேலுக்கு உதவியதற்காக அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் அரபு நாடுகள் எண்ணெய் விற்க மறுத்தன. உற்பத்தியையும் குறைத்தன. ஒரு பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்தது, 1974 ஜனவரியில் 12 டொலரை நெருங்கியது. குறி வைத்தது அமெரிக்காவை. அமெரிக்கர்கள் பெற்றோல் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். இங்கே என்ன நடந்தது? அதே நேரம் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, சீனி விலையும் ஏறியிருந்தது. அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. எண்ணெய்க்குக் கொடுத்தால் மாவுக்கு இல்லை, மாவுக்குக் கொடுத்தால் உரத்துக்கு இல்லை. கூப்பன் அரிசி குறைந்தது, மா குறைந்தது. நெல் விளைகிற கிராமத்தில் கொஞ்சம் சமாளித்தார்கள். தோட்டத்தில் நெல் வயல் கிடையாது, கூப்பனும் சம்பளமும்தான். சில தோட்டங்களில் நிலச் சீர்திருத்தக் குழப்பத்தில் வேலையும் போனது. 1974இல் தோட்டப்புறங்களில் சாவு எண்ணிக்கை நாட்டின் மற்ற இடங்களைவிட மிக மோசமாக ஏறியது.

என் தாயார் அப்போது இளம் பெண். விடியற்காலை இரண்டு மணிக்குப் பாண் வரிசைக்குப் போய், பாண் முடிந்துவிட்டது என்று திரும்பி வந்து, வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போன நாட்களைச் சொல்வார். மரவள்ளிக் கிழங்கு கிடைத்த நாள் நல்ல நாள். அவர் அரபு நாடுகளையும் இஸ்ரேலையும் கேள்விப்பட்டதே இல்லை. தங்கச்சி ஒருத்தியை அந்த வருடம் இழந்தார். அதனால்தான் எண்ணெய்ப் போரை ஒரு சதுரங்க ஆட்டம் போல எழுதுகிற கட்டுரைகளை என்னால் அமைதியாகப் படிக்க முடிவதில்லை.

ஈரானுக்குத் தேயிலை கொடுத்து எண்ணெய்க் கடன் அடைக்கிறோமாமே, உண்மையா?

உண்மை. சப்புகஸ்கந்தை நிலையம் ஈரானின் இலகு ரக மசகு எண்ணெய்க்கு, அதாவது சுத்திகரிக்காத எண்ணெய்க்கு, பொருந்தும்படி கட்டப்பட்டது. சுத்திகரிப்பு நிலையத்தை ஒரு அடுப்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், எல்லா விறகும் ஒரே மாதிரி எரியாது. 2012இல் அணுசக்தி விவகாரத்தில் ஈரான் மேல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடைகளை இறுக்கின. ஈரானிய வங்கிகளை ஸ்விஃப்ட் என்ற உலக வங்கித் தகவல் வலையிலிருந்து துண்டித்தார்கள். வாங்கிய எண்ணெய்க்குப் பணம் அனுப்ப வழி இல்லாமல் போனது. அப்படித் தேங்கி நின்ற தொகை சுமார் 251 மில்லியன் டொலர். எங்களுக்கும் ஈரானுக்கும் எந்தச் சண்டையும் இல்லை. அடுப்பு ஈரான் எண்ணெய்க்குக் கட்டியது, விறகை வேறு கடையில் தேட வேண்டி வந்தது.

2021 டிசம்பரில் இரண்டு நாடும் ஒப்பந்தம் செய்தன. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை ஈரானுக்குப் போகும். ஏற்றுமதிக்காரருக்குரிய பணத்தைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாயில், தேயிலைச் சபை வழியாக இங்கேயே கொடுக்கும். டொலர் எல்லை தாண்டாது. தேயிலை உணவுப் பொருள் என்பதால் தடையை மீறியதாகாது என்று அதிகாரிகள் விளக்கினார்கள். 2023இல் ஏற்றுமதி தொடங்கியது.

வகுப்பில் நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு கிலோ தேயிலைத் தூள் 5 டொலர் என்று வைப்போம். மாதம் 10 இலட்சம் கிலோ தூள். ஒரு கிலோ தூளுக்குப் பச்சைக் கொழுந்து ஏறத்தாழ நாலரைக் கிலோ வேண்டும், ஆக 45 இலட்சம் கிலோ கொழுந்து. ஒருவர் ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால் முழுப் பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம், என்று கொள்வோம். மாதத்துக்கு இரண்டரை இலட்சம் முழுப் பேர். கடன் தீர 50 மாதம். மொத்தம் ஒன்றேகால் கோடி நாள் வேலை. கரும்பலகையில் அந்த எண்ணை எழுதினதும் பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், இதில் அரைப் பேர் போட்ட நாளெல்லாம் சேருமா?" கொழுந்து குறைந்த நாளில் அரைச் சம்பளம்தான் என்பதை வீட்டில் பார்த்து வளர்ந்தவள். சேராது என்றேன். அதையும் சேர்த்தால் எண் இன்னும் பெரிதாகும்.

இந்தப் பண்டமாற்றை நான் குறை சொல்லவில்லை. டொலர் கையில் இல்லாத நேரத்தில் அது நல்ல ஏற்பாடு. 1952இலும் இப்படி ஒன்று செய்தோம். கொரியப் போர் நடந்தபோது, அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறிச் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கினோம். பெரிய நாடுகள் ஒரு கதவை அடைத்தால் சின்ன நாடு பின்வாசலைத் தேடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பின்வாசல் வழியாகச் சுமை தூக்குகிறவர் யார் என்று கணக்கில் வர வேண்டும்.

உமா ஓயாத் திட்டத்துக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. உமா ஓயா மகாவலியின் ஒரு கிளை. அந்தத் தண்ணீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பி, நிலத்துக்கடியில் 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கிற திட்டம். ஃபராப் என்ற ஈரானியக் கம்பனி கட்டியது. செலவில் பெரும்பங்கை ஈரான் ஏற்றுமதி வங்கி கடனாகத் தருவதாக ஏற்பாடு. தடைகள் வந்ததும் அந்தப் பணம் பாதியில் நின்றது, இலங்கை அரசாங்கம் தன் பணத்தில் தொடர்ந்தது. வருடங்கள் இழுத்தன. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி நேரில் வந்து திறந்து வைத்தார். அடுத்த மாதம் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்துபோனார்.

ஈரானுக்கு இது தன்னைத் தனிமைப்படுத்த முடியாது என்று காட்டுகிற மேடை. பண்டாரவளைப் பக்கத்து மக்களுக்கு வேறு கதை. சுரங்கம் தோண்டும்போது பாறை இடுக்கில் தண்ணீர் உள்ளே கொட்டியது, மேலே கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. 2017இல் மக்கள் பண்டாரவளையில் தெருவில் இறங்கினார்கள். அங்கே போயிருந்தபோது வற்றின கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தேன். உள்ளே வாளிக் கயிறு சுருண்டு, காய்ந்த பாசியோடு கிடந்தது. நல்ல கிணறு, கருங்கல் கட்டு.

மலையில் இருக்கிற மற்ற அணைகளை யார் கட்டியது?

ஒவ்வொரு அணைக்கும் ஒரு நாட்டுக் கொடி உண்டு. விக்டோரியா பிரித்தானிய உதவி, 1985இல் மார்கரெட் தாட்சர் வந்திருந்தார். கொத்மலை சுவீடன். ரந்தெனிகல மேற்கு ஜேர்மனி. தலவாக்கலையில் மேல் கொத்மலை ஜப்பான் கடன், 2012இல் 150 மெகாவாட்டோடு தொடங்கியது. கரையோரத்தில் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் சீனக் கடன். இதையெல்லாம் ஆயுதம் என்று சொல்ல மாட்டேன், கட்டிக் கொடுத்தது கட்டிக் கொடுத்ததுதான். ஆனால் மின்சாரம் கட்டித் தருகிறவருக்கு ஒரு நாட்டில் கிடைக்கிற செல்வாக்கு நீண்ட காலம் நிற்கும். அதற்காகத்தான் போட்டி.

லக்ஷபான நீர்மின் நிலையம் மட்டும் வேறு மாதிரி. நம் நாட்டுப் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே அந்த யோசனையை எழுதி வைத்தார். மின்சாரம் 1950இல்தான் வந்தது.

ரஷ்யா-உக்ரைன் போரில் எங்களுக்கு ஏன் அடி?

2021இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022 பெப்ரவரி 24 போர் தொடங்கியது. ஏப்ரல் கடைசியில், ரூபிளில் பணம் கட்ட மறுத்த போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ரஷ்யா எரிவாயுவை நிறுத்தியது. பிறகு ஜேர்மனிக்குப் போகும் நோர்ட் ஸ்ட்ரீம் குழாயில் ஜூனில் குறைத்து, ஜூலையில் இன்னும் குறைத்து, செப்டெம்பரில் முழுவதும் மூடியது. அந்த மாதக் கடைசியில் கடலுக்கடியில் குழாயே வெடித்தது.

ஐரோப்பா குளிரில் விறைத்துச் சாகவில்லை. அதனிடம் பணம் இருந்தது. உலகத்தில் எங்கே திரவ எரிவாயுக் கப்பல் போனாலும் கூட விலை சொல்லி வாங்கியது. பாகிஸ்தானும் பங்களாதேசமும் அந்த விலைக்கு வாங்க முடியாமல் இருட்டில் இருந்தன. மொஸ்கோ பெர்லினை நோக்கி வீசிய கல், டாக்காவில் வந்து விழுந்தது. இந்த ஆயுதத்தின் குணம் இதுதான், குறி வைக்கப்பட்டவன் பணக்காரனாக இருந்தால் அவன் விலகிக்கொள்வான், பின்னால் நிற்கிறவன் மேல் படும்.

எரிவாயுவிலிருந்துதான் யூரியா செய்கிறார்கள். அதனால் உர விலையும் ஏறியது. எங்கள் மலைக்கு அது இரண்டாவது அடி. முதல் அடியை 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்து நம் அரசாங்கமே கொடுத்திருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது.

அப்போ 2022 நெருக்கடிக்குக் காரணம் வெளிநாட்டுப் போரா, நம் அரசாங்கமா?

முதலில் நம் அரசாங்கம். இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. 2019 கடைசியில் வரியைக் குறைத்தார்கள், கடனைத் தள்ளிப்போட மறுத்தார்கள், உரத்தைத் தடுத்தார்கள். பொருளாதாரம் விழுந்ததற்கு அன்றைய ஆட்சியாளர்கள் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. போருக்கு முன்பே, 2021 நவம்பரில், மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்தையை மூடினார்கள். கரை ஏற்கெனவே அரித்திருந்தது, எண்ணெய் விலை 120 டொலரைத் தாண்டினபோது வெள்ளம் உள்ளே வந்தது.

2022 மே மாதம் ஒரு காட்சி நினைவிருக்கட்டும். 90,000 டன் ரஷ்ய மசகு எண்ணெயோடு ஒரு கப்பல் ஒரு மாதத்துக்கு மேல் கொழும்புக்கு வெளியே கடலில் நின்றது. அரசாங்கத்திடம் கட்டக் காசு இல்லை. அந்த மாதங்களில் இந்தியா எரிபொருளுக்கென்று 500 மில்லியன் டொலர் கடன் வசதி தந்திருக்காவிட்டால் பஸ்ஸும் ஓடியிருக்காது. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் விற்பதையே நிறுத்தினார்கள்.

சம்பளத்தைப் பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 5 டொலர். 2022 மே மாதம் டொலர் 360 ரூபாயானபோது அதே ஆயிரம் 3 டொலரை எட்டவில்லை. வெளிநாட்டில் தேயிலை டொலரில்தான் விற்பனையானது. ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அந்த வாரம் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு பாட்டி குப்பி விளக்கின் திரியை நகத்தால் கிள்ளிக் கிள்ளிச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். பேரன் பரீட்சைக்குப் படிக்கிற நேரம் மட்டும் திரியை உயர்த்துவார்.

ஹோர்முஸ் நீரிணை என்று செய்தியில் சொல்கிறார்களே, அது எங்கே?

ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவில் உள்ள கடல் வாசல். மிக ஒடுங்கிய இடத்தில் 33 கிலோமீற்றர் அளவுதான். 2024இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய் அதன் வழியாகப் போனது, உலகம் எரிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. கட்டாரின் எரிவாயுவும் அதே வழிதான்.

எங்களுக்கு அது இரட்டை வாசல். எண்ணெய் வெளியே வருகிறது, தேயிலை உள்ளே போகிறது. ஈராக், ஈரான், துபாய் எல்லாம் இலங்கைத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்கள். அவர்களுடைய முக்கியத் துறைமுகங்கள் அந்த வாசலிலும் அதற்கு உள்ளேயும் இருக்கின்றன. அங்கே கப்பல் நின்றால் எண்ணெய் விலை ஏறும், அதே வாரம் கொழும்பு ஏலத்தில் தேயிலை தேங்கும். உங்கள் சித்தி அனுப்புகிற காசுக்கும் அதே கடல்.

இந்தியாவும் சீனாவும் இங்கே மின்சாரத்துக்காக ஏன் போட்டி போடுகின்றன?

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று சின்னத் தீவுகள். அங்கே சூரிய, காற்று மின்சாரம் அமைக்கிற வேலையை 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கரைக்கு அருகில் சீனா வருவதை இந்தியா ஏற்கவில்லை. "மூன்றாம் தரப்பின்" பாதுகாப்புக் கவலையால் வேலையை நிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அந்த டிசம்பரில் அறிவித்தது. 2022இல் இந்தியா நன்கொடையாகச் செய்து தர முன்வந்தது. சில ஆயிரம் பேர் வாழும் தீவில் மின்குமிழ் எரிவது இரண்டு வல்லரசுகளின் விவகாரமானது.

திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளிலும் அதே கதை. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு, 24 நம் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பனிக்கு. தெற்கே அம்பாந்தோட்டையில் சீனாவின் சினோபெக் 3.7 பில்லியன் டொலர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு 2025 ஜனவரியில் உடன்பாடு செய்தது. ஒருவரிடம் மட்டும் தொங்காமல் இருவரிடமும் பேசுவது நல்லது. ஆனால் அதற்கு ஒப்பந்தங்களை வாசித்து, மக்களுக்கு முன்னால் வைத்து, சொன்னபடி நிற்கிற அரசாங்கம் வேண்டும்.

சூரிய சக்திக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பாதி தீரும். தடுப்பவன் யாராக இருந்தாலும் வெயிலைத் தடுக்க முடியாது. ஆனால் சூரியத் தகடு செய்கிற ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில் இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. எண்ணெய்க் கப்பல் நின்றால் ஒரு மாதத்தில் பஸ் நிற்கும். தகடு வருவது நின்றால் கூரையில் இருக்கிற தகடு இருபது வருடம் வேலை செய்யும்.

இதில் மலைக்குப் பெரிய இடம் இருக்கிறது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கலாம். அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கம் 600 மெகாவாட் அளவில் அப்படி ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறார்கள். தண்ணீரை மட்டும் நம்பினாலும் ஆபத்து. 1996 வறட்சியில் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடே இருட்டில் இருந்தது, அப்போது எந்த வல்லரசும் நம்மைத் தொடவில்லை. சுரங்கம், அணை என்று வந்தால் உமா ஓயாவில் வற்றின கிணறுகளை முதலில் கேட்க வேண்டும்.

நீங்கள் எந்த நாட்டுப் பக்கம், சேர்?

வாங்குகிறவன் பக்கம். அமெரிக்கா, ரஷ்யா, அரபு நாடுகள், சீனா, இந்தியா, எல்லோருக்கும் எரிபொருளை வைத்து அழுத்தத் தெரியும். நேரம் வந்தபோது யாரும் தயங்கவில்லை.

லயத்தில் இருக்கிற நாங்கள் இதில் என்ன செய்ய முடியும்?

ஹோர்முஸைத் திறக்க முடியாது. ஆனால் அடி விழுந்தால் அது யார் மேல் பங்கிடப்படுகிறது என்பது கொழும்பில் எழுதப்படுகிறது. அங்கே பேசலாம். மின்கட்டணம் மாற்றும் முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எழுத்திலும் நேரிலும் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. தொழிற்சாலைக்காரர்கள் போகிறார்கள், ஹோட்டல்காரர்கள் போகிறார்கள். தோட்டத்திலிருந்து எழுதுகிறவர்கள் குறைவு. லக்ஷபானக் கம்பிகள் எங்கள் கூரைக்கு மேலேயே போக, பல லயங்களுக்கு அந்தக் கரண்ட் வந்து சேரப் பல பத்து வருடம் ஆனது. அப்போது யாரும் எழுதிக் கேட்கவில்லை, எழுதக் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

இப்போது எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த முறை அறிவிப்பு வரும்போது வாசிகசாலைக்கு வாருங்கள். உங்கள் வீட்டுக் கரண்ட் பில் மூன்று மாதத்துக்குரியதும், சம்பளச் சீட்டும் கொண்டுவாருங்கள். மண்ணெண்ணெய், கேஸ், விறகு, இவற்றில் எதற்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். மீதியைச் சேர்ந்து எழுதலாம். புதன், வெள்ளி பின்னேரம் நாலரைக்கு நான் அங்கேதான் இருப்பேன்.